4750 டாலர் துப்பாக்கியும் 1700 டாலர் துப்பாக்கியும்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் ஸ்கோப் வைத்துத் தூரத்து எதிரியை வீழ்த்த நான்கு ஸ்னைப்பர்கள் இருக்கின்றன: ஏடபிள்யூபி, எஸ்எஸ்ஜி 08, ஜி3எஸ்ஜி1, ஸ்கார்-20. கடைசி இரண்டும் ஏறக்குறைய ஒரே சரக்கு. தாக்கும் அணிக்கு ஒன்று, காக்கும் அணிக்கு மற்றொன்று. ஆடுகிறவர்கள் வாயில் முதலாவது ‘ஆவ்ப்’, இரண்டாவது பழைய பதிப்பின் பழக்கத்தில் ‘ஸ்கௌட்’, மிச்ச இரண்டும் ‘ஆட்டோ’. ஆட்டோவின் பெயர் வரும்போது கூடவே ஒரு வசவும் வரும்.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் ஆவ்ப் என்பார்கள். அடியின் அளவை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் இங்கே துப்பாக்கி யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. ஆட்டக் காசைக் கொடுத்து வாங்க வேண்டும். ரவுண்டு முடியும்வரை உயிரோடு இருந்தால் அடுத்த ரவுண்டுக்கும் அது உங்களுடையது, செத்தால் போச்சு. கீழே விழுந்ததை எதிரி எடுத்து உங்களையே சுடவும் செய்வான். அதனால் நான் ஸ்னைப்பர்களை விலைப்பட்டியலிலிருந்துதான் எடைபோடத் தொடங்குவேன்.

ஆவ்ப்பின் விலை 4750. தலைக்கவசத்தோடு சேர்ந்த கவசம் 1000. ஒரு ஸ்மோக்கும் இரண்டு ஃபிளாஷும் எடுத்தால் இன்னும் 700. மொத்தம் 6450. எதிரணியை மொத்தமாக வீழ்த்தி ஒரு ரவுண்டை வென்றால் கிடைப்பது 3250. தோற்றால் 1400, தொடர்ந்து தோற்கத் தோற்க ஏறி 3400 வரை. ஆக, இத்தனையும் சேர்த்து ஒரு ஆவ்ப்பை இழப்பது கிட்டத்தட்ட இரண்டு வெற்றிகளின் வரவை இழப்பதற்குச் சமம். போதாக்குறைக்கு, சாதாரண ரைஃபிளால் ஒருவரை வீழ்த்தினால் 300 டாலர் பரிசு. ஆவ்ப்பால் வீழ்த்தினால் 100 மட்டும். வால்வ் நிறுவனம் இந்தத் துப்பாக்கிக்கு வேண்டுமென்றே வரி போட்டிருக்கிறது.

வரி கட்டியவருக்குக் கிடைப்பது என்ன? 115 அடிப்படைச் சேதம், கவசத்தை ஏறத்தாழ முழுசாகவே துளைக்கும் குண்டு. கவசம் போட்ட நெஞ்சில் பட்டாலும் 112. எதிரியின் உயிர் 100 தான், ஆக ஒரே குண்டில் கதை முடிந்தது. விதிவிலக்கு கால் மட்டும். தொடையில் பட்டால் 86. எதிரி 14 உயிரோடு நொண்டாமல் ஓடிப்போவான். (நொண்டினால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.) குறியைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்து மூலையில் காத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த 86 அடிக்கடி தென்படும் எண்.

குண்டுக்கும் குண்டுக்கும் இடையே சுமார் ஒன்றரை நொடி. இந்த விளையாட்டில் அது நீண்ட காலம். முதல் குண்டு தவறினால் ஏகே-47 வைத்திருப்பவன் அந்த இடைவெளியில் நிதானமாகவே முடித்துவிடுவான். ஸ்கோப்பில் கண் வைத்து நடந்தால் வேகம் 100. கத்தியோடு ஓடுபவரின் வேகம் 250 என்பதை வைத்துப் பார்த்தால் அது நடையே இல்லை. முன்பு இதைவிட வேகமாக நகர முடிந்தது, 2015 இல் குறைத்தார்கள். ஆக்ரோஷமாக ஆடிய ஆவ்ப்காரர்கள் அப்போது எழுப்பிய கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வெட்டு 2022 நவம்பரில் வந்தது. மேகசினில் 10 குண்டுகள் இருந்ததை 5 ஆக்கினார்கள்.

இந்த இரண்டாவது வெட்டு சின்னதாகத் தெரியும், ஆனால் ஆட்டமுறையையே மாற்றியது. அதற்கு முன் ஸ்மோக்குக்குள்ளும் மரக்கதவின் வழியாகவும் கணக்குப் பார்க்காமல் நாலைந்து குண்டுகளை விட்டுப் பார்க்கலாம், மிச்சம் கையில் இருக்கும். இப்போது அப்படி விட்டால் எதிரி வரும் நேரத்தில் நீங்கள் ரீலோடு செய்துகொண்டிருப்பீர்கள். இன்னொரு பக்கம், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 இன் ஸ்மோக் ஆவ்ப்புக்கு ஒரு புது வேலையையும் தந்திருக்கிறது. புகைக்குள் கையெறி குண்டு வெடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அங்கே ஓட்டை விழுகிறது. கூட்டாளி ‘நேட்’ என்று கத்தி வீசும்போது ஆவ்ப்காரர் தயாராக இருந்தால், அந்த ஓட்டைக்குப் பின்னால் நிம்மதியாக நிற்பவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஆவ்ப்பின் மதிப்பு முழுதாகத் தெரிவது இப்படிச் சேர்ந்து ஆடும்போதுதான். மைக்கை அணைத்துவிட்டுத் தனியாக ஆடுபவர் கையில் அது 4750 டாலர் சுமை.

ஸ்கௌட்டின் விலை 1700. அடிப்படைச் சேதம் 88. கவசம் போட்ட நெஞ்சில் 74, வயிற்றில் 93. தலையில் பட்டால், தலைக்கவசம் இருந்தாலும் ஆள் காலி. அதாவது இது கேட்கும் குறி தலை ஒன்றே. மற்ற இடங்களில் பட்டால் எதிரி அரைகுறை உயிரோடு இருப்பான். நீங்கள் ஒன்றேகால் நொடி காத்திருக்க வேண்டும், அல்லது கைத்துப்பாக்கிக்கு மாறி மிச்சத்தை முடிக்க வேண்டும். நெஞ்சில் ஒன்று, உடனே பிஸ்டலில் ஒன்றிரண்டு என்ற இந்த ஜோடி அடியைக் கற்றுக்கொண்டால் ஸ்கௌட்டின் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இதன் உண்மையான பலம் கால்களில் இருக்கிறது. கையில் வைத்து ஓடினால் வேகம் 230, ஸ்கோப் போட்டாலும் அதே 230. மூலையில் எட்டிப்பார்த்து, நின்று, சுட்டு, மறுபடி மறைவது ஆவ்ப்பில் ஒரு காரியம். ஸ்கௌட்டில் அது மூச்சு விடுவதுபோல் நடக்கிறது. இன்னொரு விசேஷமும் உண்டு. குதித்து உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில் ஸ்கௌட்டின் குண்டு ஓரளவு நேராகவே போகும். வேறெந்தத் துப்பாக்கியின் குண்டும் இந்த அளவுக்குப் போகாது. சுவருக்கு மேலே எம்பிப் பார்த்துச் சுடுவது இதில் ஒரு தனி வித்தை. ஆவ்ப்போடு குதித்துச் சுட்டுப் பட்டால் அது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தின் மிகப் பிரபலமான உதாரணம் 2016 இல் எம்எல்ஜி கொலம்பஸ் போட்டியில், மிராஜ் மேப்பில், லிக்விட் அணிக்கு எதிராக பிரேசிலின் கோல்ட்ஸீரா குதித்தபடி ஆவ்ப் சுட்டது. வால்வ் பின்னர் அந்த இடத்துச் சுவரிலேயே அதை நினைவுகூர்ந்து ஒரு சித்திரம் வரைந்து வைத்தது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஆவ்ப்போடு தாவித் தாவிச் சுடும் இளைஞர்கள் என் அணியில் வரும்போதெல்லாம் அந்தச் சித்திரத்தை அழித்தால் தேவலை என்று தோன்றும்.

மேப்பைப் பொறுத்தும் கணக்கு மாறும். டஸ்ட் 2 இன் லாங் பாதையில், மிராஜின் மிட் ஜன்னலில் காக்கும் அணியின் ஆவ்ப் இருந்தால், எதிரணி அந்தப் பக்கம் ஸ்மோக் போடாமல் தலை காட்டாது. சுடாமலேயே வேலை செய்யும் துப்பாக்கி அது. அதே ஆவ்ப்பைத் தாக்கும் அணியில் வாங்கி, குறுகலான வழிகளில் நுழைய முயன்றால் எல்லா மூலையும் எதிரியின் பக்கம். நெட்வொர்க்கின் தாமதமும் எட்டிப்பார்ப்பவருக்கே கொஞ்சம் சாதகம். காத்திருப்பவர் அவரை ஒரு கண்சிமிட்டல் தாமதமாகத்தான் பார்க்கிறார். நம் ஊர்க்காரர்களுக்குச் சென்னை, மும்பை சர்வர்கள் கிடைத்தால் இது பெரிதாக உறுத்தாது. நண்பர் யாரோ வளைகுடாவிலிருந்து சேர்ந்துகொள்ள, ஆட்டம் துபாய் சர்வருக்குப் போன இரவில், அசையாமல் ஒரு மூலையைப் பிடித்து நிற்கும் ஆவ்ப்காரர் பாடு திண்டாட்டம்தான். அப்படிப்பட்ட ஆட்டங்களில் நான் ஸ்கௌட்டோடு நகர்ந்துகொண்டே இருப்பேன்.

மவுஸ் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. ஸ்கோப் போட்டபின் குறி எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதற்கு அமைப்புகளில் தனி எண் இருக்கிறது. இரண்டு துப்பாக்கிக்கும் அது ஒன்றேதான். ஆவ்ப்புக்காக அதை மாற்றினால் ஸ்கௌட்டில் பழகிய கை குழம்பும். ஒரு எண்ணை முடிவு செய்து அப்படியே விட்டுவிடுங்கள். டிராகன் லோர் போன்ற வண்ணத்தோல்களுக்கு நிஜப் பணம் கொட்டுகிறவர்களுக்கும் ஒரு செய்தி: அவை ஒரு குண்டின் அடியைக்கூடக் கூட்டுவதில்லை.

ஆவ்ப் மீது வெறுப்பு புதிதல்ல. 1.6 பதிப்பைக் கல்லூரி விடுதி லேனில் ஆடியவர்களுக்குத் தெரியும், ‘ஆவ்ப் எடுக்கக் கூடாது’ என்று கறாராக விதி போட்ட அறைகள் உண்டு. எனக்கு அந்த விதியில் உடன்பாடு இல்லை. அணியில் ஒருவர் நன்றாக ஆவ்ப் ஆடினால் மற்ற நால்வரும் காசு சேர்த்து அவருக்கு வாங்கிப் போடுவதில் தப்பே இல்லை. வைடாலிட்டி அணியின் ஸைவூ ஆடுவதைப் பாருங்கள். சுட்டதும் அந்த இடத்தில் நிற்க மாட்டார். ஆவ்ப் ஒத்துவராத ரவுண்டில் ரைஃபிளை எடுத்து அதிலும் ஆளை வீழ்த்துவார். ‘நான் ஆவ்ப்பர்’ என்று ஒவ்வொரு ரவுண்டும் அடம்பிடித்து, காசு போதாத நேரத்தில் கவசமே இல்லாமல் அதை வாங்குபவரோடுதான் எனக்குத் தகராறு. அந்தக் காசில் அவர் ஸ்கௌட்டும் கவசமும் ஃபிளாஷும் வாங்கி, கூட்டாளிக்கு ஒரு துப்பாக்கியும் போட்டிருக்கலாம்.

கடைசியாக ஆட்டோ. விலை 5000, மேகசினில் 20 குண்டுகள், கால் நொடிக்கு ஒன்று வீதம் பாயும். கவசம் போட்ட நெஞ்சில் 66, ஆக இரண்டு குண்டு போதும். தவறினாலும் அடுத்தது உடனே கிளம்புவதால் கற்றுக்கொள்ள மிகச் சுலபமான ஸ்னைப்பர் இதுவே. ஆனால் ஆவ்ப்பைவிட 250 டாலர் அதிகம் கொடுத்து, ஒரே குண்டில் வீழ்த்தும் பயமுறுத்தலை இழக்கிறோம். எதிரணி காசில்லாமல் பிஸ்டலோடு வரும் ரவுண்டில், பை நிரம்பி வழியும்போது வேடிக்கைக்கு வாங்கலாம். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 இல் ரைஃபிள் வரிசைக்கு ஐந்து இடம்தான் தருகிறார்கள், ஸ்னைப்பர்களும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். என் வரிசையில் ஸ்கௌட்டும் ஆவ்ப்பும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஆட்டோவைத் தூக்கிவிட்டு, தாக்கும் அணியில் அந்த இடத்தை விலை குறைந்த கலீல் ரைஃபிளுக்குக் கொடுத்திருக்கிறேன்.