கைதும் கைரேகையும்

பள்ளி மாணவி ஒருவரின் மரணத்துக்கு நீதி கேட்டுக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கனியாமூரில் நடந்த போராட்டம், 2022 ஜூலை 17 அன்று கலவரமாக முடிந்தது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, போலீசாரும் காயமடைந்தார்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டங்களில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. வீடியோ பதிவுகளை வைத்து ஆட்களைத் தேடினார்கள். 300 பேருக்கு மேல் கைதானார்கள். சரியாகப் பதினெட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, கைதானவரின் உடல் அடையாளங்களைப் பதிந்து வைக்கும் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே கலவரம் ஒரு மாதம் தள்ளி நடந்திருந்தால் கைதானவர்கள் கதி என்ன என்பதை வைத்தே இந்தச் சட்டத்தை எடைபோட வேண்டும்.

அரசுத் தரப்பின் வாதத்தில் வலு இருக்கிறது. பேருந்துக்குத் தீ வைத்தவரைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். துல்லியமான அடையாளம் கிடைத்தால், ஊரையும் சாதியையும் பார்த்து ஆள் பிடிப்பது குறையும், நிரபராதி தப்புவார் என்பதும் நியாயம்தான். ஆனால் இந்தச் சட்டம் கேட்பது தீ வைத்தவரின் அடையாளத்தை மட்டும் அன்று.

வடக்கனந்தலிலிருந்து கல்லூரிக்குப் போகும் இருபது வயதுப் பையன் நாளை ஓர் ஊர்வலத்தில் கைதாகிறான் என்று வைத்துக்கொள்வோம். கைரேகை, உள்ளங்கை, பாதம், கருவிழி, விழித்திரை, புகைப்படம், கையெழுத்து எல்லாவற்றையும் போலீசார் எடுக்கலாம். ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள வழக்கென்றால் ரத்தம் போன்ற உயிரியல் மாதிரிகளை மட்டும் அவன் மறுக்கலாம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் அதுவும் இல்லை. மற்றவற்றைத் தர மறுத்தாலோ அதுவே குற்றம். எடுத்தவை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டு இருக்கும். அவனுக்குத் தொண்ணூற்றைந்து வயதாகும்வரை.

2022 செப்டம்பரில் வந்த விதிகள், 144 தடையை மீறியதற்காக மட்டும் பிடிபட்டவரிடம் இவற்றை எடுக்கக் கூடாது என்கின்றன. நல்ல விதி. ஆனால் வேறு குற்றப் பிரிவு ஒன்றும் சேர்ந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். எந்தப் பிரிவைச் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்வதோ காவல் நிலையம். போராட்ட வழக்குகளில் சட்டவிரோதக் கூட்டம், அதிகாரியைத் தடுத்தது என்று பிரிவுகள் சேர்வதை ஊர்வலம் போனவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

வெள்ளையர் காலத்து 1920 கைதிகள் அடையாளச் சட்டத்தோடு ஒப்பிட்டால் மனம் கசக்கிறது. அதில் கைதானவரிடம் அளவெடுக்க, குற்றத்துக்கு ஓராண்டு கடுங்காவலாவது இருக்க வேண்டும். முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறு உத்தரவு போடாதவரை, பதிவுகளை அழிக்க வேண்டும் அல்லது அவரிடமே கொடுத்துவிட வேண்டும். புதிய சட்டம் அந்த ஓராண்டு வரம்பை எடுத்துவிட்டது. விடுதலையானாலும் மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்த பிறகே அழிப்பு. அதற்கும் விதிப்படி ஓர் அதிகாரியிடம் கோரிக்கை போக வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்களில் எத்தனை பேர் அந்த அதிகாரியைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள்?

அதே 1920இல், ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டப் பதிவை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டத்தைத் தெற்கே இன்றும் கைரேகைச் சட்டம் என்றே சொல்கிறார்கள். ஆளைப் பதிவேட்டில் ஏற்றுவது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று பதிவேட்டோடு கேமராவும் சேர்ந்துவிட்டது. தமிழகக் காவல்துறை 2021 அக்டோபரிலிருந்து முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. 2024 மே மாதம் அதன் தளத்துக்குள்ளேயே வெளியார் புகுந்தார்கள். தலைமுடியை மாற்றலாம், கடவுச்சொல்லை மாற்றலாம். கசிந்த கருவிழியை மாற்ற வழியில்லை. மாஸ்கோ மெட்ரோவில் தனியாளாக எதிர்ப்புக் காட்டியவரை முக அடையாளத்தால் பிடித்தது உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017லேயே சொல்லிவிட்டார்கள்.

என் முடிவு இது: போராட்டக்காரர்களைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் தேறவில்லை. கைது என்பது போலீசாரின் சந்தேகம். அதை வைத்து முக்கால் நூற்றாண்டுக்கு ஒருவர் உடலைப் பதிந்து வைக்க முடியாது. வன்முறை வழக்கில், குறிப்பிட்ட ஆளிடம், குறிப்பிட்ட தடயத்தோடு ஒப்பிட, நீதித்துறை நடுவர் காரணம் எழுதி உத்தரவிட்டால் எடுக்கட்டும். நடுவருக்கு அந்த அதிகாரம் இந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவிலேயே இருக்கிறது. கலவர வழக்குக்கு அது போதும். விடுதலைத் தீர்ப்பு வந்த அன்றே, யாரும் மனுப் போடாமல், பதிவை அழித்து அதற்கான சான்றை அரசே அந்தப் பையன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.