சின்னத்திரைத் தடயவியலும் அபயா வழக்கும்

சோனி தொலைக்காட்சியில் 1998-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடிய 'சி.ஐ.டி.' தொடருக்கு எங்கள் கரமனையில் நல்ல கூட்டம் இருந்தது. ஹிந்தி அரைகுறையாகத் தெரிந்த மாமிகளுக்குக்கூட டாக்டர் சாலுங்கே வீட்டு மனுஷர் மாதிரி. ஏதோ ஒரு திரவத்தைக் குழாயில் விட்டு ஆட்டுவார், நிறம் மாறும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். கன்னத்தில் ஒரு அறை விழுந்ததும் அவனும் ஒப்புக்கொள்வான். கதை அத்தோடு சரி. நீதிமன்றத்துக்கு அங்கே வேலையே இல்லை.

கதைதானே, போகட்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. தடயவியல் பொய் என்று சொல்ல வரவில்லை. 1984-இல் மாவேலிக்கரை அருகே எரிந்த காரில் கிடந்த உடலின் மூச்சுக்குழாயில் புகைக்கரி இல்லை என்பதைக் கண்டு, தீப்பிடிக்கும் முன்பே இறந்தவர் அவர் என்று சொன்னவர் போலீஸ் சர்ஜன் டாக்டர் உமாதத்தன். இறந்தது சுகுமாரக் குறுப்பு அல்ல, சாக்கோ என்பதும் வெளிவந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்தது. குறுப்பு இன்றுவரை பிடிபடவில்லை.

அபயா வழக்கோ இன்னும் சிக்கலானது. 1992 மார்ச் 27 அன்று கோட்டயம் பத்தாம் பயஸ் கன்னியர் மடத்துக் கிணற்றில் சிஸ்டர் அபயாவின் உடல் கிடைத்தது. உள்ளூர்ப் போலீசும் குற்றப்பிரிவும் தற்கொலை என்றன. 1993-இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. முக்கியமான தொண்டிப் பொருள்கள் சில அழிக்கப்பட்டிருந்தன. பொருளே இல்லையென்றால் எந்தச் சாலுங்கே வந்து என்ன செய்ய? ஒரு துணியை உறையிலிட்டு, முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று எழுதிவைக்கும் குமாஸ்தா வேலையில்தான் தடயவியலின் உயிர் இருக்கிறது. அதைத் தொடரில் காட்டினால் யார் பார்ப்பார்கள்!

2007-இல் சந்தேகத்துக்குரியவர்களுக்குப் பெங்களூரில் நார்கோ சோதனை நடந்தது. அந்த ஒளிப்பதிவு 2009-இல் மலையாளச் சேனல்களில் வெளியானபோது, "அவாளே சொல்லிட்டாளே, அப்புறம் என்னத்துக்குக் கேஸ்?" என்று எங்கள் தெருவிலும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மருந்து மயக்கத்தில் வரும் பேச்சு உண்மையாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம், கேட்டவர் ஊட்டியதாகவும் இருக்கலாம். 2010 மே மாதம் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமின்றி இச்சோதனையை யாருக்கும் செய்யக்கூடாது என்றும், சம்மதித்தாலும் அதன் முடிவு தானாகச் சாட்சியமாகாது என்றும் சொல்லிவிட்டது. செய்தி பார்த்தவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தார்கள்?

கடைசியில் 2020 டிசம்பரில், இதே திருவனந்தபுரம் சி.பி.ஐ. தனி நீதிமன்றம் பாதிரியார் ஒருவருக்கும் கன்னியாஸ்திரி ஒருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. அதற்குப் பெருந்துணையாக நின்றது ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குழாய் அல்ல. அன்று விடியுமுன் மடத்தில் இடிதாங்கியின் செம்பைத் திருட ஏறிய ஒரு திருடனின் வாக்குமூலம். இருபத்தெட்டு வருஷம் அந்த மனிதர் தன் பேச்சை மாற்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

2022 ஜூனில் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நிறுத்திவைத்து இருவரையும் ஜாமீனில் விட்டது. "ஆயுள் தண்டனைன்னு சொன்னப்புறம் எப்படி வெளியே விட்டா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது, கீழ்க்கோர்ட்டு நம்பிய சாட்சியத்தை மேல்கோர்ட்டு மறுபடியும் எடைபோடும் என்று விளக்கிச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.