சமன்பாடு தடுக்கவில்லை என்றால் போதுமா?

சமன்பாடு தடுக்காத எதையும், எவ்வளவு விபரீதமானாலும், கடைசிவரை கணக்கிட்டுப் பார்த்துவிடுவது கோட்பாட்டு இயற்பியலாளர்களின் பழக்கம். 1949இல் குர்ட் கோடல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு அப்படியொரு தீர்வு கண்டார். முழுவதுமாகச் சுழலும் அந்தப் பிரபஞ்சத்தில் ஒருவர் முன்னோக்கியே பயணித்துத் தன் கடந்த காலத்தை அடையலாம். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. ஆனாலும், காலத்தின் ஒழுங்கைப் பொதுச் சார்பியல் தானாகக் காப்பதில்லை என்பது அன்று வெளிப்பட்டது. இந்தப் பழக்கத்தின் உண்மையான வலிமை இதுதான்.

கார்ல் சேகன் தன் நாவலுக்காகக் கேட்ட கேள்வியால் உந்தப்பட்ட கிப் தோர்ன், 1988இல் மாணவர்களோடு சேர்ந்து காலவெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழிகளான புழுத்துளைகளை ஆராய்ந்தார். வழக்கமாகப் பொருளிலிருந்து காலவெளியின் வடிவத்தைக் கணக்கிடுவார்கள். இவர்கள் வேண்டிய வடிவத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன பொருள் தேவை என்று தேடினார்கள். கிடைத்த விடை, எதிர்மறை ஆற்றல். கேள்வி அழகானது, ஆனால் இந்த வழியில் எந்த வடிவத்தையும் காகிதத்தில் கட்டிவிடலாம். இயற்கையில் அது உண்டா என்பதற்கு அது சான்றாகாது. புழுத்துளை வழியாகவும் அமையக்கூடிய கால இயந்திரங்களை இயற்பியல் விதிகளே தடுக்கும் என்று ஹாக்கிங் 1992இல் முன்வைத்ததும் இன்னும் ஊகமாகவே நிற்கிறது. அதைத் தீர்க்கக் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு வேண்டும்.

கூடுதல் பரிமாணங்களின் கதையை நான் உயர்வாக மதிக்கிறேன். கலூசா 1921இல் முன்வைத்த ஐந்தாம் பரிமாணத்தை, 1926இல் கிளைன் எந்தக் கருவிக்கும் எட்டாத அளவுக்குச் சுருட்டி வைத்தார். 1998இல் ஆர்க்கனி-ஹமெத், டிமோபூலோஸ், ட்வாலி மூவரும் துணிந்து வேறொன்று சொன்னார்கள்: இரண்டு கூடுதல் பரிமாணங்கள் மில்லிமீட்டர் அளவுக்கே பெரியவையாக இருக்கலாம், அப்படியானால் அதற்குக் குறைந்த தொலைவில் ஈர்ப்பு, தொலைவின் நான்காம் மடிக்கு எதிர்விகிதமாக மாறும். தோற்கக்கூடிய கூற்று என்பதால் இது சோதனைக்கு உட்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு முறுக்குத் தராசுகளால் அளந்து, 56 மைக்ரோமீட்டர் வரை நியூட்டனின் விதியே செல்லும் என்று 2007இல் காட்டியது. துணிச்சலான கணிப்பு பலிக்கவில்லை. அவ்வளவு நெருக்கத்தில் ஈர்ப்பு எப்படி நடந்துகொள்கிறது என்ற அறிவு நமக்குக் கிடைத்தது.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. தராசு ஒரு வரம்பை எட்டும்போதெல்லாம் பரிமாணத்தின் அளவும் அதற்குக் கீழே இறங்கிக்கொள்கிறது. பெரிய ஹாட்ரான் மோதுவியிலும் தடயம் கிடைக்கவில்லை. எந்த அளவில் காணாவிட்டால் கைவிடுவீர்கள் என்ற கேள்விக்குப் பல மாதிரிகள் இன்னும் விடை வைத்திருக்கவில்லை.