இஸ்போசேத்தும் எஸ்பாலும்: ஓர் அரசப் பெயரின் ஒலிபெயர்ப்புச் சிக்கல்

சவுலுக்குப் பின் இஸ்ரவேலை ஈராண்டு ஆண்டதாகக் கூறப்படும் அவருடைய மகனுக்கு எபிரேய மறைநூலில் இரு பெயர்கள் வழங்குகின்றன. சாமுவேலின் இரண்டாம் நூல் (2:8) இஸ்போசேத் என்றும், நாளாகமத்தின் முதல் நூல் (8:33) எஸ்பால் என்றும் குறிக்கின்றன. ‘ஈஷ்’ என்பது ஆள். ‘போஷெத்’ என்பது இழிவு. அரசன் ஒருவன் தன் மகனுக்கு ‘இழிவின் ஆள்’ எனப் பெயரிட்டான் எனக் கொள்ளுதல் அரிது.

எனவே எஸ்பால் என்பதே மூலப்பெயர் என்பது அறிஞர் பலரின் துணிபு. ‘பஅல்’ என்பது உடையவன், தலைவன், கணவன் என்னும் பொருள்களையுடைய பொதுச்சொல். தமிழில் ‘நாயகன்’ தலைவனையும் கணவனையும் குறித்தல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கானானியத் தெய்வத்தின் பெயராகி அச்சொல் வெறுக்கப்பட்டபோது, பிற்காலத்தார் அதன் இடத்தில் ‘போஷெத்’தைப் பெய்தனர் என்பர். எரேமியா 11:13இல் இவ்விரு சொற்களும் இணையாக நிற்றல் இதற்கு அரண் செய்கிறது. கிர்பெத் கெயாபாவில் கிடைத்து 2015இல் வெளியிடப்பட்ட சாடிப் பொறிப்பில் ‘எஷ்பஅல்’ என்னும் பெயர் உள்ளது. அது வேறொருவனுடையது, எனினும் ஏறத்தாழ அக்காலத்தில் இப்பெயர் வழக்கில் இருந்ததை அது காட்டுகிறது. ‘போஷெத்’தை ஆற்றல், மாண்பு எனப் பொருள்படும் அக்காதியச் சொல்லோடு இணைப்போரும் உளர். அவர்தம் கருத்துப்படி பெயர் திருத்தப்பட்டதெனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் ஒருவனுக்கே இரு நூல்களில் இரு பெயர் அமைந்தமைக்கு அது நிறைவான விடை தருவதாகத் தோன்றவில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பில் சிக்கல் வேறொன்று. பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு (1871) வழிவந்த பதிப்புகளில் தெய்வப்பெயர் ‘பாகால்’ என வரும். எபிரேயத் தொண்டையொலியின் இடத்தில் ககரம் நிற்கிறது. கிதியோனின் மறுபெயரான ‘யெருபாகால்’ என்பதிலும் அவ்வாறே. ‘எஸ்பால்’ என்பதிலோ அது மறைந்துவிட்டது. ஆகவே தமிழ் வாசகர் இப்பெயருக்குள் பாகாலைக் காண வழியில்லை. பெயர் மாறியதன் காரணமும் அவர்க்குப் புலப்படாது.

1989இல் வெளிவந்த திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று சாமுவேல் நூலிலும் ‘இஷ்பால்’ எனவே மாற்றியது. இதுவும் ஏற்புடையதன்று. மூலப்பெயரை மீட்கும் முயற்சியில், அது மாற்றப்பட்டதென்னும் சான்றே மூலபாடத்தினின்று அகன்றுவிடுகிறது. இரு நூல்களின் வேறுபாட்டையும் அவ்வாறே காத்து, ‘எஸ்பாகால்’ என ஒலிபெயர்ப்பை ஒருமைப்படுத்தி, விளக்கத்தை அடிக்குறிப்பில் தருதலே தக்க நெறியாகும். சிறப்புப்பெயர்க்குப் பொருள் தேவையில்லை எனக் கருதி ஒலியை மட்டும் பெயர்ப்போர், ஒலியிலேனும் ஒழுங்கு பேணுதல் கடன்.