இரண்டு வாசல்கள்

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பாலம் தாண்டினால் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்களின் 17-ம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம். வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடுச் சிற்பங்கள். ஒன்றிடம் மணற்கடிகாரம், மற்றதிடம் மண்டையோடு. 'அடுத்து நீதான்' என்று நேராகவே சொல்லிவிடுகின்றன.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1825-ல் வரைந்து, முடிக்காமலே விட்ட 'கல்லறைத் தோட்ட வாசல்' ஓவியத்திலும் பிரமாண்டமான வாசல் உண்டு, எலும்புக்கூடு இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் தூணோரம் தயங்கி நிற்கிறார்கள். உள்ளே மரங்கள், மூடுபனி. பயம் போய்த் துக்கம் வந்துவிட்டது. 'நான் சாவேன்' என்பது 'நீ போயிட்டியே' ஆகிவிட்டது.

அழகான ஓவியம்தான். ஆனால், அதில் சாவது அடுத்தவர். பழவேற்காட்டுச் சிற்பி நமக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? அந்த எலும்புக்கூடுகளுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். நானும்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், படத்தில் மூன்று பேருமே பல்லைக் காட்டுகிறோம்.