அடக்கி வாசிக்கும் உறுமிக்காரர்

தைப்பூசம் முடிந்த மறுநாளே பஞ்சாயத்து கூடிவிடுகிறது. எந்தக் குழு தெறிக்கவிட்டது, எந்தக் குழு சொதப்பியது என்று கைப்பேசிக் காணொளிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்துப் பினாங்கின் ஜார்ஜ்டவுன் முழுக்கத் தீர்ப்பு எழுதுகிறார்கள். இந்தத் தீர்ப்புகளில் வருடா வருடம் ஒருவர் தோற்கிறார். பெயர் வேண்டாம். ஜாலான் உத்தாமாவில் நின்று உறுமி மேளம் கேட்கும் யாருக்கும் ஆளைத் தெரியும்: காவடிக்கு முதுகைக் காட்டாமல், பின்னோக்கி நடந்துகொண்டே வாசிப்பாரே, அவர்தான். "அண்ணனுக்கு வயசாயிடுச்சு, கை ஓடல" என்பது ஊர்ப்பேச்சு. கை நன்றாகவே ஓடுகிறது. எங்கே ஓட வேண்டுமோ அங்கே ஓடுகிறது. ஊருக்குத்தான் அது கேட்கவில்லை.

நம் ரசனைக்கு முதல் அளவுகோல் வேகம். அடுத்தது சத்தம். அதற்கும் அடுத்தது தலைக்கணக்கு: இருபது பேர் வந்தால் பெரிய குழு, முப்பது பேர் வந்தால் மகா குழு. தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால் குழு நிற்கும். ஒருவர் கையசைப்பார். தப்பும் தவிலும் எகிறும், காவடி சுழலும், கைப்பேசிகள் உயரும். முப்பது வினாடிதான். அன்றிரவே டிக்டாக்கில் அந்தக் குழு ராஜா. அதன்பிறகு காவடி தூக்கியவருக்கு என்ன ஆனது என்று எந்தக் காணொளியும் காட்டுவதில்லை. அடுத்த பந்தல் வருவதற்குள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உறவுக்காரர் ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார். தண்ணீர் வரும். மேளம் மட்டும் யாருக்கோ வாசித்துக்கொண்டிருக்கும்.

நம் ஆள் எடுக்கும் முடிவு இந்த இடத்தில்தான் வருகிறது. பந்தல் நெருங்குகிறது, கூட்டம் விசிலடிக்கிறது, ஏற்றுவதா, விடுவதா? மற்றவர்கள் கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இவர் கண் காவடிக்காரரின் கணுக்காலில் இருக்கிறது. புதிதாகக் கிளம்பியவரின் சலங்கை ஒரே வெட்டாக விழும். களைத்த காலில் அது இழுபடும்: பாதம் ஊன்றிய பிறகும் மணிகள் கொஞ்சம் உருண்டு அடங்கும். அந்த உருளல் கேட்டதும் இவர் பந்தலைக் கடந்துபோய்விடுகிறார். ஏற்றம் கிடையாது, சுழற்சி கிடையாது. பந்தல்காரர் முகம் சுளிப்பார், படம் பிடிக்க வந்தவர் கைப்பேசியை இறக்குவார். பூப்பந்தில் ஸ்மாஷுக்குக் கைதட்டுகிறோம். எதிராளியை முன்னே இழுத்து அந்த ஸ்மாஷுக்கு வழி செய்த வலையோரத் தட்டலை மறந்துவிடுகிறோம். இங்கேயும் அதே கதை.

அவர் இறக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றில் மெல்லிய குச்சியால் அடி, மற்றதில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல். சாதாரண வாசிப்பாளர் வேகத்தைக் குறைக்க நினைத்தால் இரண்டு கையையும் சேர்த்தே இறக்குவார். மேளம் தடுமாறும், காவடிக்காரரின் தூக்கிய கால் எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் தவிக்கும். இவர் முதலில் அடிக்கும் கையை மட்டும் எடுத்துவிடுகிறார். தேய்ப்பு ஓடுகிறது. அதைக் கேட்டதும் தப்புக்காரர்கள் தங்கள் அடியைச் சிக்கனமாக்குகிறார்கள். தாளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சத்தம் மட்டும் மெலிகிறது. பத்துப் பன்னிரண்டு எட்டு போன பிறகு தேய்ப்பை ஓர் இழை நீட்டுகிறார். வேகம் அப்போதுதான் இறங்குகிறது. கால் தடுமாறவே இல்லை. இது தெரியாதவர் காதுக்கு, "இறங்கிப்போச்சுப்பா". காவடி தூக்கியவருக்கு மூச்சு.

பாகுபாடு இல்லாமல் எழுதுகிறேன் என்று சொல்லப்போவதில்லை. நான் பினாங்குக் கட்சி. கிள்ளான் பள்ளத்தாக்கின் பத்துமலையில் பெரும்பாலான காவடிகள் சுங்கை பத்து ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டு புறப்பட்டு, சிறிது தூரத்திலேயே 272 படிகளைத் தொட்டுவிடும். இங்கே நீண்ட சாலை நடை முடிந்த பிறகுதான் தண்ணீர்மலையே கண்ணில் படும். 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோவிலுக்குப் படிகள் 513. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தோளில் முப்பது கிலோவைத் தாண்டும் காவடிகளும் உண்டு. வயிற்றில் விரதம், காலடியில் கொதிக்கும் தார். இது வேறு ஆட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து வந்திறங்கும் குழுக்கள் குறுகிய தூரத்துக்கென்றே பழகியவை. ஜாலான் உத்தாமாவில் அவர்கள் பிரமாதம், மறுக்கவில்லை. ஜாலான் கெபுன் பூங்காவுக்குள் திரும்பிய பிறகு அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. நம் ஆள் அங்கேதான் ஆரம்பிக்கிறார். பந்தல் பந்தலாகச் சேமித்ததையெல்லாம் மலையடிவாரத்தில் அவிழ்க்கிறார். அந்நேரத்தில் அடிக்கும் கை திரும்பி வரும்போது, கூடவே வரும் காவடி சுழலும் சுழற்சியைப் பாருங்கள். ஊர் கலைந்து நாசி கண்டார் சாப்பிடப் போயிருக்கும், பார்க்க ஆளிருக்காது.

இந்த நெடுந்தூரம் நம் திருவிழாவின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. 1894ஆம் ஆண்டின் வெள்ளி ரதம் லெபு பினாங்கிலுள்ள செட்டியார் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு, வழி நெடுகத் தேங்காய்க் குவியல்களுக்கு முன்னால் நின்று நின்று, தண்ணீர்மலை அடிவாரத்து நகரத்தார் கோவிலுக்குப் போய்ச் சேருகிறது. 2017இல் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் கிளம்பியது. நின்று போவதும், நிதானித்துப் போவதும் இந்த வீதிகளின் பழைய நடை. சீனத் தாய்மார்கூடக் கூடை கூடையாகத் தேங்காய் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் மேளம் கேட்க வந்த நாம் மட்டும்.

வெளியூர்க் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்களைக் கொண்டுவந்த அதே காலத்தில், அதே கரும்புக்காக ரியூனியன் தீவுக்கும் தமிழரைக் கப்பலேற்றினார்கள். அங்கே அவர்களுக்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்கள். 1848 டிசம்பர் 20ஆம் தேதி அங்கே அடிமைமுறை ஒழிந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் தீவே தெருவுக்கு வருகிறது, மலோயா முழங்குகிறது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இசை அது. ரூலேர் என்ற பீப்பாய் முரசின்மேல் காலைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பவர்தான் அதற்கு முதுகெலும்பு. அவர் ஓட மாட்டார். ஆடுகிறவர்களின் காலுக்குத் தரை போட்டுக் கொடுப்பதே அவர் வேலை.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே மேளத்திலும் தலைமை வாசிப்பாளர் ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் அடிக்கிறார். கால் சொல்கிறது, கை கேட்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டி ரியோ கார்னிவலுக்கு வாருங்கள். அங்கே உறுமிபோலவே தேய்த்து வாசிக்கும் குய்க்கா என்ற கருவிகூட உண்டு. சம்பா பள்ளிகளின் தாளப்படை, பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் சட்டென்று மொத்தமாக நிறுத்தும். பிறகு ஒரே அடியில் மீண்டும் பிடிக்கும். தாளப்படைக்கென்றே தனி மதிப்பெண் இருக்கிற போட்டி அது. இடம் தவறினால் மானம் போகும். அந்த நிறுத்தத்துக்காகவே அரங்கம் காத்திருந்து ஆர்ப்பரிக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளி ரசிகனுக்கு நிறுத்தம் ஒரு சாகசம். நமக்கு நிறுத்தம் என்றால் ஆள் களைத்துவிட்டார் என்று அர்த்தம். கடல் தாண்டி வந்த இரண்டு கூட்டமும் தோலைக் கட்டிக்கொண்டு வீதிக்கு வந்தவைதான். அவர்கள் ரசிகர்களையும் வளர்த்தார்கள்; நாம் குழுக்களை மட்டும் வளர்த்தோம்.

மறுதரப்பு வாதம் எனக்குத் தெரியும். "பந்தல் ஒலிபெருக்கி சினிமா மெட்டில் அலறும்போது மெல்ல வாசித்தால் யாருக்கு ஐயா கேட்கும்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் அந்த உறுமிக்காரரிடமே இருக்கிறது. ஒலிபெருக்கி அலறும் பந்தலை நெருங்கும்போது அவர் சத்தத்தைக் கூட்டுவதில்லை, தூரத்தைக் குறைக்கிறார். காவடிக்கு இரண்டடி முன்னால் வந்து, உறுமியைக் கொஞ்சம் சாய்த்து, தேய்க்கும் முகத்தைக் காவடிக்காரர் பக்கம் திருப்பிவிடுகிறார். கேட்க வேண்டியவருக்குக் கேட்கிறது. மற்றவர்களுக்குக் கேட்காதது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முப்பது பேர் குழுவில் இது நடக்காது. முன்வரிசைக்காரர் கையைத் தூக்கியது கடைசி வரிசைக்குத் தெரிவதற்குள் பந்தலே கடந்துபோயிருக்கும். பெரிய குழுக்களால் ஏற்ற முடியும், இறக்க முடியாது. அதனால்தான் அவை இறக்குவதே இல்லை. அதை நாம் வீரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில பூசங்களுக்குள் குழுக்கள் சிறுக்கும். சீருடையும் வேன் வாடகையும் ஒரு காரணம்; முப்பது பேரை வைத்துக்கொண்டு மலையடிவாரம் வரை தாக்குப்பிடிக்க முடியாது என்பது தலைவர்களுக்கே புரிந்துவருவது பெரிய காரணம். பன்னிரண்டு பேர் போதும் என்ற நிலை வரும். அப்போது ஒரு நல்ல உறுமிக்காரருக்கு விலை ஏறும். காவடி எடுப்பவர்கள் குழுவின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, முன்னால் நடப்பவர் யார் என்று கேட்பார்கள். சிலர் இப்போதே கேட்கிறார்கள்.

நம் ஆளுக்குப் பின்னால் தப்பு அடித்துக்கொண்டு வரும் பையன்களில் ஒருவன், இந்தப் பூசத்தில் மாற்று உறுமி கைக்கு வந்தபோது, பந்தலுக்கு முன்னால் அடிக்கும் கையைத் தூக்கினான். கூட்டம் முணுமுணுத்தது. அவன் முகம் வாடியது, ஆனால் கை திரும்ப இறங்கவில்லை. அவன் தனிக் குழு கட்டுவான். முதல் வருடம் காணொளிகளில் அவனைத் தேடினால் கிடைக்க மாட்டான். இரண்டாம் வருடம் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து அவனை அழைப்பார்கள். போகாதே தம்பி என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். மூத்தவரோ சாலை முழுக்க வாசிப்பதை நிறுத்திக்கொண்டு, ஜாலான் கெபுன் பூங்காவில் மட்டும் உறுமியை வாங்கிக் கட்டிக்கொள்வார். ஊர் அதையும் வயசாயிடுச்சு என்றுதான் சொல்லும்.

கடைசியாக மாறப்போவது டிக்டாக் தீர்ப்பு. அதுவரை நான் ஒரு பந்தயத்துக்குத் தயார். அடுத்த பூசத்தில் எந்தக் குழு பந்தலில் எகிறியது என்ற கணக்கை நீங்கள் எழுதுங்கள். முதல் படியில் கால் வைக்கும்போது எத்தனை காவடிகள் ஸ்டூல் கேட்காமல் வந்து சேர்ந்தன என்ற கணக்கை நான் எழுதுகிறேன். எந்த உறுமிக்குப் பின்னால் வந்தன என்பதையும் சேர்த்தே எழுதுவேன். உங்கள் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் குழு என் பட்டியலில் முதல் ஐந்துக்குள் வராது.