தொடை தட்டுகிறவனும் மூலையில் நிற்பவனும்

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறிவிட்டால், மன்னார்குடி, ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்து ஊர்களில் இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஃபிளெக்ஸ் முளைக்கும். 'மாபெரும் மின்னொளி கபடித் தொடர் போட்டி'. முதல் பரிசு, சுழற்கோப்பை, எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் போட்டு, கீழே நன்கொடை கொடுத்தவர்கள் படம் நாற்பது. ராத்திரி பத்துக்கு ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். மைக் பிடித்தவர் தொண்டை கட்டினாலும் விடமாட்டார். முப்பது வருஷமாக மூங்கில் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்க்கிறவன் நான். ஆடினவன் இல்லை, அதனால் பேசக் கூச்சமும் இல்லை.

போன தையில் பார்த்த ஒரு பையனைச் சொல்ல வேண்டும். கல்லூரி அணி ஆட்டக்காரன். நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தொடையில் ஒரு தட்டுத் தட்டினான், தடுப்பைத் தாண்டிக் கேட்டது. பாடிக்கொண்டே இடது பக்கம் நாலு எட்டு, சட்டென்று வலது பக்கம். மூலைக்காரன் குனிந்து காலுக்குப் பாய்ந்தான். இவன் தவளை மாதிரி எழும்பி, அவன் முதுகைத் தாண்டி, போகிற போக்கில் பிடரியில் விரல் வைத்துவிட்டு வந்தான். கூட்டம் எழுந்துவிட்டது. ஒருவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை அவன் பனியனில் குத்திவிட்டே உட்கார்ந்தார்.

பக்கத்தில் நின்றவர் அந்தக் காலத்து ஆட்டக்காரர், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்.

"என்னண்ணே, புரோ கபடிக்குப் போயிடுவான் போலருக்கே?"

"காட்டுறான் தம்பி. இன்னும் ஆடலை."

பிருகா உதிர்க்கிற பத்து வயசுப் பையனைப் பற்றித் தஞ்சாவூர்ப் பெரிய ரசிகர்கள் சொல்வதும் இதேதான். ஆனால் சங்கீதத்தில் எதிரே ஏழு பேர் காலைப் பிடிக்கக் காத்திருப்பதில்லை.

மண் வேறு, மேட் வேறு. மண்ணில் வெறுங்கால். கட்டைவிரலை ஊன்றினால் மண் பெயர்ந்து இடம் கொடுக்கும். பிடிக்க வருகிறவன் பாதம் வழுக்கும், அந்த வழுக்கல் பாடி வருகிறவனுக்கு அரை நொடி லாபம். புரோ கபடி நடக்கிற மேட் மேல் எல்லோருக்கும் ஷூ, பாய்ந்தால் பாய்ந்த இடத்தில் பிடி விழும். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒரு ரைடுக்கு 30 விநாடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதற்கப்பால் இன்னொரு மீட்டரில் போனஸ் கோடு. போவதை யாரும் தடுப்பதில்லை, வா வா என்று வழிவிடுவார்கள். திரும்பி வருகிற அந்த நாலே முக்கால் மீட்டர்தான் கபடி.

இன்னொன்று, ஊர்ப் போட்டியில் எதிராளி உன்னை ஒரு ராத்திரிதான் பார்க்கிறான். லீக்கில் உன் ரைடு ஒவ்வொன்றையும் வீடியோவில் போட்டு, எந்தக் காலை முதலில் வைக்கிறாய், எந்தப் பக்கம் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போகிறாய் என்று பயிற்சியாளர் குறித்து வைத்திருப்பார்.

அப்படியானால் வித்தைக்காரனுக்கு அங்கே இடமே இல்லையா? பர்தீப் நர்வாலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவருடைய 'டுப்கி' ஆற்றில் முங்குநீச்சல் போடுவது மாதிரி. தடுக்கிறவர்கள் கை கோத்துச் சங்கிலி போட்டு மறிக்கும்போது, கோத்த கை அவர்கள் நெஞ்சு உயரத்தில் இருக்கும். அதைச் சட்டென்று அவிழ்க்கவும் முடியாது. பர்தீப் தலையைக் கவிழ்த்து அந்தக் கைகளுக்கு அடியில் முங்குவார், எழும்போது விரல் நடுக்கோட்டில் இருக்கும். 2017 சீசனில் மட்டும் 369 ரைடு புள்ளிகள். எல்லா அணிகளும் பார்த்துப் பார்த்துப் படித்த பிறகும் வருஷக்கணக்கில் ஓடிய வித்தை அது. சங்கிலியைத் தாழ்த்தவும், நேரத்தில் விட்டுவிடவும் தடுப்பவர்கள் பழகிக்கொண்ட பிறகு புள்ளிகள் மெலிந்தன. 2021 ஏலத்தில் 1.65 கோடிக்குப் போனவர் 2024-இல் 70 லட்சத்துக்குப் போனார். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பவன் செராவத் கதை வேறு. ஆளைத் தாண்டிப் பறக்கிற அவரை 2022-இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், சீசனே போயிற்று. அந்த இடத்தில் பாடப் போனவர் நரேந்தர் என்ற புதுப் பையன். இருநூறுக்கு மேல் ரைடு புள்ளி எடுத்தார், தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி பார்த்தது.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே வழக்கு உண்டு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் கல்லூரியில் ஓடிக் காட்டினால் கூட்டம் கொண்டாடும். தொழில்முறை லீக்கில் நிற்பானா என்று பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மனை 2012-இல் வாங்கிய ஜானி மன்சீல் அங்கே இரண்டே சீசன் நின்றார். 2016-இல் அதே விருதை வாங்கிய லமார் ஜாக்சனை, பந்தைப் பிடிக்கிற இடத்துக்கு மாறிக்கொள் என்றே சிலர் சொன்னார்கள். அவர் 2019-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். ஓடத் தெரிந்தது இரண்டு பேருக்கும் பொதுதான். ஓட்டம் அடைபட்ட பிறகு என்ன செய்வது என்பதில் ஒருவருக்குப் பதில் இருந்தது.

டெல்டா மண் பெரிய ஆட்டத்துக்குக் கொடுத்தவர்களில் என் மனசுக்குப் பிடித்தவர் ரைடரே இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டி, தர்மராஜ் சேரலாதன். 1975-இல் பிறந்தவர். 2014-இல் புரோ கபடி தொடங்கியபோதே வயது 39, மற்றவர்கள் மூட்டையைக் கட்டுகிற வயது. அவர் அப்போதுதான் ஆரம்பித்தார். 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுக் கோப்பை வாங்கினார். அதே வருஷம் அகமதாபாதில் ஈரானை 38-29 என்று வென்ற உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். 2019-இல், 44 வயதில், ஹரியானா அணிக்குத் தலைவர். வடக்கத்திப் பையன்கள்கூட அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் மூலையில் நிற்பதை ரசிக்கப் பொறுமை வேண்டும். பாதி குனிந்து, கையை முன்னால் தொங்கவிட்டு, ரைடரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பார்வை கணுக்காலில். ரைடர் தொடை தட்டட்டும், கையை வீசட்டும், தலையை ஆட்டட்டும். போனஸ் எடுக்க ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மற்றக் கால் அந்தரத்தில் இருந்தாக வேண்டும், விதி அப்படி. எப்பேர்ப்பட்டவனும் ஒற்றைக்காலில் நிற்கிற அந்த ஒரு கணத்துக்காகவே மூலைக்காரன் மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கிறான். இரண்டு கையும் கணுக்காலில் பூட்டும், தோள் முழங்காலுக்குக் கீழே முட்டும், உடம்பு தரையோடு படியும். அதற்குள் மற்றவர்கள் மேலே விழுந்திருப்பார்கள். டிவியில் அது அழகாகத் தெரியாது. மறுபடி மெதுவாக ஓட்டிக் காட்டினால்தான் தெரியும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தொடை தட்டும் சத்தம் இன்னும் கூடியிருக்கிறது. கூடட்டும்.

அந்தப் பையனைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடிகாலை நாலு மணிக்கு இறுதி ஆட்டம். கடைசி ரைடு, ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. அதே தட்டு, அதே இடது, அதே வலது. மூலைக்காரனும் குனிகிற மாதிரி தோளை மட்டும் தாழ்த்தினான். பையன் எழும்பினான். மூலைக்காரன் குனியவில்லை, நிமிர்ந்தான். அந்தரத்திலேயே இடுப்பைக் கட்டிச் சாய்த்துவிட்டான்.

ஆட்டம் கலைந்த பிறகு அந்தப் பையன் தண்ணீர் டேங்கர் குழாயில் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தான். பனியனில் குத்தூசி மட்டும் இருந்தது. வாத்தியார் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, அந்த மூலைப் பய இந்தத் தடவை குனியவே இல்லையே, பாத்தியா?"

"பாத்தேன் சார்" என்றான். "மேல போன பிறகுதான் பாத்தேன்."